திருமுழுக்கு முதல் நற்கருணை வரை: கத்தோலிக்கக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தையை ஏந்தியபடி கோயில் வாசலில் நிற்கும் பெற்றோரிடம், இக்குழந்தைக்காக இறைவனின் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று குருவானவர் வினவுவார். ‘திருமுழுக்கு’ (ஞானஸ்நானம்) என்பதே பெரும்பாலோரின் விடை. சடங்குநூல் வேறு விடைகளையும் அனுமதிக்கிறது; அவற்றுள் ஒன்று ‘விசுவாசம்’. மறைக்கல்வி வகுப்பில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு விடைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவதால் வருபவை. சடங்கு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள்; விசுவாசம் முழுமையாக முதிர்ந்த பிறகே அருளடையாளம் (இறையருளைத் தரும் திருச்சடங்கு) என்று மறு சாரார் நினைக்கிறார்கள். திருச்சபையின் போதனை இரண்டையும் ஏற்பதில்லை. திருமுழுக்குக்குத் தேவைப்படுவது முதிர்ந்த விசுவாசம் அல்ல, வளர வேண்டிய ஒரு தொடக்கமே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1253-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது.

‘பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும்’ என்று தள்ளிப்போடுவதும், ஊரிலிருந்து உறவினர் வரும் விடுமுறைக்காகத் தள்ளிப்போடுவதும் காரணத்தில் வேறுபட்டாலும் விளைவில் ஒன்றே. பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்கு அளிக்கப்பட வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 867-ஆம் சட்டம் பெற்றோரைக் கடமைப்படுத்துகிறது. அதற்கு அடுத்த சட்டமோ, குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்க வேண்டும் என்கிறது. அது அறவே இல்லையென்றால் பங்குத்தந்தை காரணத்தைச் சொல்லித் திருமுழுக்கை ஒத்திவைக்கலாம். இதை ‘சாமியார் மறுத்துவிட்டார்’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது நியாயமல்ல. ஒத்திவைப்பது வேறு, மறுப்பது வேறு.

திருமுழுக்கு மட்டும் நடந்து போதனை நடக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 1530-களில் முத்துக்குளித்துறையின் (தூத்துக்குடிப் பக்கக் கடற்கரை) மீனவர்களான பரதவர்கள் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் அங்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடம் விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறெதையும் அவர்களால் சொல்ல இயலவில்லை. கற்பிப்பவர் இல்லாதபோது அது அவர்கள் குற்றமும் அல்ல. விசுவாச அறிக்கையையும் செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கிக்கொண்ட சவேரியார், கைமணியை அடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். பின்னர் அதே கடற்கரையில் உழைத்த இயேசு சபைக் குரு என்ரீக்கே என்ரீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியதும் இந்த மறைக்கல்வித் தேவைக்காகத்தான்.

திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரைத் தெரிவுசெய்வதில்தான் நம் குடும்பங்கள் மிகுதியாகத் தடுமாறுகின்றன. சங்கிலி போடக்கூடிய மாமா, வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பா, தொழிலில் உதவிய நண்பர் என்ற வரிசையில்தான் பேச்சு நகர்கிறது. 874-ஆம் சட்டம் கேட்பது வேறு: அவர் 16 வயது நிறைந்த கத்தோலிக்கராக, உறுதிப்பூசுதலும் (தைலம் பூசித் தூய ஆவியாரின் கொடையை வழங்கும் அருளடையாளம்) நற்கருணையும் (திருப்பலியில் பெறும் இயேசுவின் திருவுடல்) பெற்றவராக, ஏற்கும் பொறுப்புக்கேற்ற விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும், குழந்தையின் தாயோ தந்தையோ ஞானப்பெற்றோர் ஆக முடியாது. இருவர் கட்டாயம் என்ற எண்ணமும் தவறு. ஒருவரே போதும், இருவரென்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கத்தோலிக்கரல்லாத, தென்னிந்தியத் திருச்சபையைச் (சி.எஸ்.ஐ.) சேர்ந்த நண்பர் ஒருவர் கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சாட்சியாக நிற்கலாம். தனியாக ஞானத்தந்தை ஆக முடியாது. ஒருமுறை, ‘சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?’ என்று குரு கேட்ட நொடியில் ஞானத்தந்தை ஒளிப்படக்காரரின் சைகைக்கு இணங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். குரு இரண்டாம் முறை கேட்ட பிறகே ‘விட்டுவிடுகிறேன்’ என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தோம், நானும்தான். ஆனால் அவரைத் தலைதொட்டப்பன் என்று கடற்கரை ஊர்களில் அழைப்பதற்குக் காரணமான, குழந்தையின் தலையைத் தொடும் செயலே அந்த விடையோடுதான் பொருள்பெறுகிறது. பெயரைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை: புனிதர் பெயர் இன்று கட்டாயமல்ல, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமாக இல்லாத தமிழ்ப் பெயர் எதுவும் தகும்.

பிறந்த குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடும்போது குருவைத் தேடி அலைந்து நேரத்தை இழப்பது இன்னொரு தவறு. இத்தகைய நெருக்கடியில், திருச்சபை கருதுவதைச் செய்யும் எண்ணம் உடைய எவரும், திருமுழுக்குப் பெறாத செவிலியர் உட்பட, தலையில் தண்ணீரை ஊற்றியபடி ‘தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்ற வாய்ப்பாட்டைச் சொல்லித் திருமுழுக்கு அளிக்கலாம். குழந்தை பிழைத்து வீடு திரும்பிய பிறகு, ‘ஆஸ்பத்திரியில் நடந்தது கணக்கில் வராது’ என்று மீண்டும் தண்ணீர் ஊற்றச் சொல்லக் கூடாது. கோயிலில் எஞ்சிய சடங்குகள் மட்டும் நிறைவுசெய்யப்படும். வாய்ப்பாட்டைச் சொந்த விருப்பப்படி மாற்றுவதும் ஆபத்தானது: ‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள் திருமுழுக்கு அளிக்கிறோம்’ என்று சொன்னால் அது செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டில் அறிவித்தது.

சிறுவயதில் கோயிலில் திருமுழுக்குப் பெற்ற ஒருவர், வளர்ந்தபின் வேறு சபையில் ஆற்றில் மூழ்கி ‘இதுதான் நான் விரும்பி எடுத்த ஞானஸ்நானம்’ என்று சொல்வதை இன்று பரவலாகக் கேட்கிறோம். அவருடைய தாகம் உண்மையானது. அதைப் பழிப்பதால் பயனில்லை. ஆனால் திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் அழியா முத்திரையைப் பதிப்பவை என்பதால் இரண்டாம் முறை அளிக்கப்படுவதில்லை. சொந்த விசுவாசம் விழித்தெழும்போது அதற்குத் தேவைப்படுவது இன்னொரு தண்ணீர் அல்ல. உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவான பாஸ்கா திருவிழிப்பில் மெழுகுதிரி ஏந்தி நாம் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வாக்குறுதிகளை மனமறிந்து சொல்வதே.

இதே குழப்பம் உறுதிப்பூசுதலிலும் நுழைகிறது. இங்கே தவறு செய்பவர்களில் என்னைப் போன்ற மறைக்கல்வி ஆசிரியர்களும் அடக்கம். ‘இதுவரை உன் பெற்றோரின் விசுவாசம், இனி உன்னுடையது’ என்று மாணவர்களிடம் நான் பல ஆண்டுகள் சொல்லிவந்தேன். கேட்க நன்றாக இருக்கும் அந்த வாக்கியம், திருமுழுக்கின் அருள் நம் ஒப்புதலுக்காகக் காத்திருப்பது போன்ற எண்ணத்தை விதைக்கிறது. அது தகுதி பாராமல் தரப்பட்ட கொடை, செயல்படுவதற்கு நம் ‘உறுதிமொழி’ தேவையில்லை என்று மறைக்கல்வி நூல் 1308-ஆம் எண்ணில் எச்சரிக்கிறது. கிறிஸ்மா தைலம் பூசி ஆயர் சொல்லும் சொற்களைக் கவனித்தால் இது விளங்கும்: அங்கே மாணவர் எதையும் அளிப்பதில்லை, தூய ஆவியாரின் கொடையைப் பெற்றுக்கொள்கிறார். கேரளத்தின் சீரோ மலபார், சீரோ மலங்கரை ஆகிய கீழைமுறைக் கத்தோலிக்கச் சபைகளில் கைக்குழந்தைக்கே திருமுழுக்கோடு சேர்த்து உறுதிப்பூசுதலும் வழங்கப்படுகிறது; அது முதிர்வுச் சான்றிதழ் என்றால் இவ்வழக்கம் இருக்கவே முடியாது.

முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மையில் நடக்கும் தவறு வேறு வகையானது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பகுத்தறியும் வயதை எட்டிய, ஏறத்தாழ ஏழு வயதுக் குழந்தைகளை நற்கருணைக்கு அனுமதித்தபோது, அவர்களை இயேசுவிடமிருந்து விலக்கி வைக்கக் கூடாது என்பதே நோக்கம். நாமோ வெள்ளை உடை, விருந்து, பதாகை என்று அதை இரண்டாம் பிறந்தநாள் ஆக்கிவிட்டோம். முன்னதாகச் செய்ய வேண்டிய ஒப்புரவோ (பாவ அறிக்கை) அவசர அவசரமாக முடிகிறது. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை ஆகிய மூன்று அருளடையாளங்களில் முதலிரண்டும் வாழ்நாளில் ஒருமுறை. நற்கருணை மட்டுமே திரும்பத் திரும்பப் பெறக்கூடியது. அதையும் ஒருமுறை நிகழ்ச்சியாக்கி, ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தனிப்பயிற்சி வகுப்புக்கு அனுப்பும் வீடுகளை நான் அறிவேன். ‘புதுநன்மை’ என்ற பழைய சொல்லில் ‘புது’ என்பது முதல் நாளுக்கு மட்டும் உரிய அடைமொழி.

கடைசியாக நடைமுறைச் செய்தி ஒன்று. உறுதிப்பூசுதலும் திருமணமும் திருமுழுக்குப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும்; வேறு பங்கில் உறுதிப்பூசுதல் பெற்றவர்கள் அத்தகவல் தம் திருமுழுக்குப் பங்குக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. திருமண அறிவிப்பான ஓலை வாசிக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் மணமகன் உறுதிப்பூசுதலே பெறவில்லை என்பது சில வீடுகளில் தெரியவருகிறது. பெரிய இடையூறின்றி இயலுமானால் திருமணத்திற்கு முன் அதைப் பெற வேண்டும் என்பதே சட்டம். பெறாததால் திருமணம் செல்லாமல் போவதில்லை. அப்படி வருபவரை இரண்டு நாள் வகுப்போடு அவசரமாக முன்நிறுத்துவதைவிட, திருமணம் முடிந்தபின் அடுத்த குழுவோடு சேர்ந்து ஆறஅமரத் தயாரித்துக்கொள்ளச் சொல்வதே நல்லது என்பது என் எண்ணம்.