ஒரே எண்களை விடாமல் வைத்து ஆடுகிறவர்களுக்கு

நான் கணக்கு ஆசிரியர் என்று தெரிந்ததும் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "சார், அதே ஆறு எண்களை விடாமல் வைத்துக்கொண்டே வந்தால் என்றாவது விழுந்துதானே ஆக வேண்டும்?" ஆக வேண்டியதில்லை. லாட்டரி ஆடச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. ஆடியே தீருவேன் என்பவர் கணக்கைத் தெரிந்துகொண்டாவது ஆடட்டும்.

முதலில் ஒரு தாளில் பெருக்கிப் பாருங்கள். 49 எண்களில் 6 எண்களைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். 49, 48, 47, 46, 45, 44 ஆகியவற்றைப் பெருக்கி 720ஆல் வகுக்க வேண்டும். ஆறு எண்களை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். குலுக்கலில் வரிசைக்கு மதிப்பில்லை, அதனால்தான் இந்த வகுத்தல். விடை 1,39,83,816. ஆறு எண்களின் சேர்க்கைகள் இத்தனை உண்டு; உங்கள் டிக்கெட் அவற்றில் ஒன்று.

வாரம் இரண்டு குலுக்கல் வீதம் ஐம்பது ஆண்டுகள் ஆடினால் 5,200 குலுக்கல்கள் ஆகின்றன. அத்தனையிலும் சேர்த்து முதல் பரிசு ஒரு முறையாவது கிடைக்கும் வாய்ப்பு சுமார் 2,700இல் 1. எண்களை மாற்றாமல் ஆடினாலும் இதே வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் மாற்றினாலும் இதே வாய்ப்பு. இயந்திரத்தில் உருளும் பந்துகளுக்குப் போன வாரம் நடந்தது எதுவும் தெரியாது. 1,39,83,816 குலுக்கல்களும் ஆடி முடித்தவர்கூட வெறுங்கையோடு நிற்க ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு உண்டு. அதற்கு 1,34,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பது வேறு கதை.

"ஒரு முறை வந்த எண்கள் திரும்பி வராது" என்று பழைய முடிவுகளைப் பார்த்து எண்களைக் கழிப்பவர்களுக்கு ஒரு செய்தி. பல்கேரியாவில் 2009 செப்டம்பர் 6 அன்று 4, 15, 23, 24, 35, 42 வந்தன. அடுத்த குலுக்கல் 10ஆம் தேதி. அதே ஆறு எண்கள். முதல் முறை அவற்றை யாருமே வைத்திருக்கவில்லை. இரண்டாம் முறை 18 பேர் வைத்திருந்தார்கள், பரிசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நம் கையில் இருப்பது அந்தப் பங்கு ஒன்றுதான். வாய்ப்பை மாற்ற முடியாது. விழுந்தால் எத்தனை பேரோடு பகிர வேண்டும் என்பதை ஓரளவு மாற்றலாம். பிள்ளைகளின் பிறந்த தேதிகளை வைப்பவர்கள் 31ஐத் தாண்டுவதில்லை. மொத்தச் சேர்க்கைகளில் ஆறு எண்களும் 31க்குள் அடங்குபவை ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல்; அந்தச் சின்ன மூலையில்தான் கூட்டம் நெரிகிறது. எண்கள் கட்டம் கட்டமாக அச்சிட்ட டிக்கெட் சீட்டில் நேர்கோடாகவும் சாய்கோடாகவும் அழகு பார்த்துக் குறிப்பவர்களும் ஏராளம். பிரிட்டனில் 1995 ஜனவரியில் ஒரே குலுக்கலில் 133 பேர் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆகவே 1 முதல் 49 வரை துண்டுச் சீட்டுகளில் எழுதி, குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆறு எடுங்கள். ஆறும் 31க்குள் இருந்தாலோ, டிக்கெட் சீட்டில் ஒரே கோட்டில் விழுந்தாலோ திரும்பப் போட்டு எடுங்கள். 23, 24 என்று அடுத்தடுத்த எண்கள் வந்தால் மட்டும் தூக்கி எறிய வேண்டாம். கிட்டத்தட்ட பாதிச் சேர்க்கைகளில் அப்படி ஒரு ஜோடியாவது இருக்கும். ஒரு குலுக்கலுக்கு இரண்டு டிக்கெட் வாங்குவதானால் இரண்டிலும் வெவ்வேறு எண்கள் இருக்கட்டும். அதே எண்களை இரு முறை வாங்கினால் வாய்ப்பு கடுகளவும் கூடாது.

நிலையான எண்களில் எனக்குப் பிடிக்காதது வேறு. மனப்பாடமாகிவிட்ட எண்களை ஒரு வாரம் விட்டாலும், "இந்த வாரம் பார்த்து விழுந்துவிட்டால்?" என்ற பயம் பிடித்துக்கொள்ளும். நிறுத்த நினைப்பவரையும் கடைக்குத் திரும்ப அனுப்புவது அந்தப் பயம்தான். ஒவ்வொரு முறையும் எண்களைப் புதிதாக எடுங்கள், பழைய சீட்டுகளைச் சேர்த்துவைக்காதீர்கள், டிக்கெட் வாங்காத வாரத்தில் முடிவைத் தேடிப் பார்க்காதீர்கள்.