ராட்டர்டாம் போகிறீர்களா? செவ்வாயோ சனியோ அங்கே இருங்கள்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் மூன்று நாள் தங்குவதாக இருந்தால், அதில் ஒரு செவ்வாயோ சனியோ வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும்தான் பிளாக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய திறந்தவெளிச் சந்தை கூடும். 2014-இல் திறந்த மார்க்ட்ஹால் என்ற கூரையிட்ட உணவுச் சந்தையும், சாய்ந்து நிற்கும் மஞ்சள் கனசதுர வீடுகளும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் சாப்பிட எனக்குத் திறந்தவெளிச் சந்தைதான் பிடிக்கும். மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுகளை கிப்பலிங் என்பார்கள். ஆவி பறக்கக் கொடுப்பார்கள், பூண்டு சாஸில் தொட்டு நின்றபடியே சாப்பிடலாம்.

நாக்கு காரம் கேட்டால், தென் அமெரிக்காவில் முன்பு டச்சுக் காலனியாக இருந்த சுரிநாம் நாட்டு உணவுக் கடை தேடுங்கள். ரொட்டி, கோழிக்கறி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய் எல்லாம் ஒரே தட்டில் வரும்.

அப்புறம், மாஸ் ஆற்றுக்கு அடியில் 1942-இல் திறந்த சுரங்கப்பாதையில் நடந்து பாருங்கள். மரப்படி எஸ்கலேட்டர் இன்னும் ஓடுகிறது. டிக்கெட் கிடையாது.