டயலாக் புரியலையா? சென்டர் ஸ்பீக்கர் வாங்குறதும் வைக்கிறதும் எப்படின்னு பாப்போம்

சண்டை சீன்ல வீடே அதிருது, அடுத்த சீன்ல ரெண்டு பேரு மெதுவா பேசினா ஒண்ணுமே புரியல, ரிமோட்ட எடுத்து வால்யூம் ஏத்துறோம், குண்டு வெடிச்சதும் பதறிப்போய் குறைக்கிறோம். ஹோம் தியேட்டர் இருக்கற நிறைய வீட்ல இதான் நடக்குது. 5.1 சவுண்டுல (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் இருக்கற செட்டப்) பேச்சு பெரும்பாலும் டிவிகிட்ட நடுவுல வைக்கிற சென்டர் ஸ்பீக்கர்லதான் வரும், அதனால இந்த ஒரு ஸ்பீக்கர ஒழுங்கா பண்ணுனாலே படம் பாக்குற சுகமே வேற. எவ்ளோ காஸ்ட்லியா வாங்குறோம்ங்கறத விட அத எங்க, எப்படி வைக்கிறோம்ங்கறதுதான் முக்கியம்னு நான் உறுதியா நம்புறேன்.

1. மொதல்ல சோஃபாவ பாருங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி, எத்தன பேரு எங்க உக்காந்து பாப்பீங்கன்னு யோசிங்க. நட்டநடுவுல ஒரே ஆள் மட்டும்தான்னா சென்டர் இல்லாமயே ஓட்டலாம். ரிசீவர்ல (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுற பாக்ஸ்) சென்டர் இல்லைன்னு செட் பண்ணிட்டா அந்த பேச்ச லெஃப்ட், ரைட் ரெண்டுக்கும் பிரிச்சு குடுத்துரும், குரல் நடுவுல இருந்து வர்ற மாதிரியே கேக்கும். ஆனா கொஞ்சம் தள்ளி உக்காந்தா போச்சு, பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் சத்தம் காதுக்கு முன்னாடியே வந்துரும், மூளை அந்த பக்கமே குரல இழுத்துக்கும். மூணு நாலு பேரு வரிசையா உக்காருற வீடுன்னா சென்டர் கண்டிப்பா வேணும்.

2. லெஃப்ட், ரைட்டோட அண்ணன் தம்பி மாதிரி இருக்கணும்

ஒரு கேரக்டர் பேசிக்கிட்டே ஸ்க்ரீன்ல இடமிருந்து வலமா நடந்தா குரலோட தன்மை நடுவுல வரும்போது மாறக்கூடாது. அதனால ஏற்கனவே இருக்கற முன்பக்க ஸ்பீக்கரோட அதே கம்பெனி, அதே சீரீஸ்ல வாங்குறதுதான் சேஃப். அது கிடைக்கலன்னா அதே கம்பெனில அதே ட்வீட்டர் (மேல் சத்தத்த போடுற சின்ன வட்டம்) போட்ட மாடல் பாருங்க. உங்ககிட்ட இருக்கறது புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்னா (ஷெல்ஃப்ல வைக்கிற சைஸ்ல உள்ள சின்ன பெட்டி), இடமும் இருந்தா, அதே மாடல்ல இன்னொன்ன வாங்கி நேரா நிக்க வைங்க, அத அடிச்சுக்க ஆளே இல்ல. படுக்க மட்டும் வெச்சுராதீங்க, காரணம் அடுத்த பாய்ண்ட்ல.

3. உள்ள என்ன டிசைன்னு கவனிங்க

இத யாரும் சொல்லித்தர்றதில்ல, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். நிறைய சென்டர் ஸ்பீக்கர் நீளமா படுத்திருக்கும், நடுவுல ட்வீட்டர், ரெண்டு பக்கமும் வூஃபர் (கீழ், நடு சத்தத்த போடுற பெரிய வட்டம்). பாக்க அழகா டிவிக்கு கீழ உக்காந்துக்கும். பிரச்சனை என்னன்னா ரெண்டு வூஃபரும் ஒரே சத்தத்ததான் போடுது, நடுவுல உக்காந்தா ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சேரும், ஓரத்துல உக்காந்தா ஒண்ணு கொஞ்சம் லேட்டா வரும், சில ஃப்ரீக்வென்ஸில ஒண்ண ஒண்ணு அழிச்சுரும். கணக்கு போட்டே பாக்கலாம்: ரெண்டு வூஃபருக்கும் நடுவுல 35 செ.மீ. இருக்குன்னு வைங்க, 1000 ஹெர்ட்ஸ்ல சத்தத்தோட அலைநீளம் சுமாரா 34 செ.மீ., அப்போ ஏறக்குறைய 30 டிகிரி தள்ளி உக்காந்தவருக்கு அந்த ஃப்ரீக்வென்ஸில பெரிய பள்ளம் விழும், அதாவது சத்தம் அமுங்கிரும். அதுக்கு மேல உள்ள ஃப்ரீக்வென்ஸின்னா இன்னும் சின்ன கோணத்துலயே விழும். பேச்சு தெளிவா கேக்க வேண்டிய ஏரியாவே அதுதான்! புக்ஷெல்ஃப படுக்க போட்டாலும் வூஃபரும் ட்வீட்டரும் பக்கம் பக்கமா வந்து இதே மாதிரி சிக்கல்தான்.

அகலமான சோஃபான்னா த்ரீ-வே டிசைன் தேடுங்க, அதுல நடுவுல ட்வீட்டருக்கு கீழயே நடு சத்தத்துக்குன்னே ஒரு சின்ன மிட்ரேஞ்ச் இருக்கும், பக்கத்து வூஃபர் ரெண்டும் கீழ் சத்தத்த மட்டும் பாத்துக்கும். எல்லாரும் நடுவுக்கு பக்கத்துலயே உக்காருவீங்கன்னா சாதா டிசைனே போதும், தேவையில்லாம செலவு பண்ணாதீங்க.

4. வைக்கிற இடம்

ட்வீட்டர் காது உயரத்துக்கு எவ்ளோ பக்கமா வருதோ அவ்ளோ நல்லது. டிவிக்கு மேலயா கீழயான்னு கேட்டா, எது காதுக்கு கிட்ட வருதோ அங்க. தரையில வைக்காதீங்க.

ஷெல்ஃப்ல வைக்கிறீங்கன்னா ஸ்பீக்கரோட முன்பக்கம் ஷெல்ஃப் விளிம்போட சமமா, இல்ல ஒரு விரல் அளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். உள்ள தள்ளி வெச்சா சத்தம் பலகையில பட்டு திரும்பி வந்து குரல் டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிரும். பின்னாடி போர்ட் (காத்து போக விட்டிருக்கற ஓட்டை) இருக்கற மாடல்னா மூடுன கேபினெட்டுக்குள்ள சொருகாதீங்க, குரல் கொழகொழன்னு ஆகும். அடியில ரப்பர் புஷ் போட்டா ஷெல்ஃப் அதிராது.

அப்புறம் சாய்வு. ஸ்பீக்கர் கீழ இருந்தா மூக்க கொஞ்சம் தூக்கி விடுங்க, மேல இருந்தா இறக்கி விடுங்க. சரியா இருக்கான்னு பாக்க ஒரு சின்ன கண்ணாடிய ட்வீட்டர் பக்கத்துல ஸ்பீக்கர் முகத்தோட ஒட்டி பிடிக்க சொல்லிட்டு நீங்க உங்க சீட்ல உக்காந்து பாருங்க, கண்ணாடில உங்க மூஞ்சி தெரிஞ்சா அது உங்களதான் பாக்குதுன்னு அர்த்தம்.

5. வயர், செட்டிங்

ரிசீவர ஆஃப் பண்ணிட்டு வயர் மாட்டுங்க, ரெண்டு முனையிலயும் சிவப்புக்கு சிவப்பு, கருப்புக்கு கருப்பு.

செட்டிங்ல சென்டர 'ஸ்மால்'னு வெச்சு கிராஸோவர் (இதுக்கு கீழ உள்ள சத்தம் சப்வூஃபருக்கு போயிரும்) 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, ரொம்ப சின்ன ஸ்பீக்கர்னா 100, 120 கூட போலாம். ஆட்டோ கேலிப்ரேஷன் (ரிசீவரே மைக் வெச்சு அளந்து செட் பண்ணிக்கிறது) இருந்தா மைக்க காது உயரத்துல ட்ரைபாட்ல வைங்க, சோஃபா மேல சாய்ச்சு வெக்காதீங்க. முடிஞ்சதும் தூரம் சரியா போட்டிருக்கான்னு டேப் வெச்சு ஒப்பிட்டு பாருங்க, 34 செ.மீ. வித்தியாசம்னா சத்தம் வர்றதுல ஒரு மில்லி செகண்ட் வித்தியாசம். சில ரிசீவர் வேணும்னே கொஞ்சம் மாத்தி போடும், ரொம்ப தள்ளி இருந்தா மட்டும் திருத்துங்க.

அதுக்கப்புறமும் பேச்சு கம்மியா தெரிஞ்சா சென்டர் லெவல 1, 2 டெசிபல் ஏத்திக்கலாம், தப்பே இல்ல. 4, 5 ஏத்துனாதான் கேக்குதுன்னா லெவல்ல பிரச்சனை இல்ல, நாலாவது பாய்ண்ட்டுக்கு திரும்ப போங்க.

ஒண்ணு மறந்துராதீங்க, டிவியோ ஸ்ட்ரீமிங் பாக்ஸோ வெறும் ஸ்டீரியோ அனுப்புனா சென்டருக்குன்னு தனியா எதுவும் வராது. ஆடியோ அவுட்புட்ட பிட்ஸ்ட்ரீம்னு (சவுண்ட பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு அனுப்புறது) மாத்துங்க, ஸ்டீரியோ மட்டுமே இருக்கற பழைய படத்துக்கு ரிசீவர்ல டால்பி சரவுண்ட் மாதிரி, ஸ்டீரியோவ சென்டருக்கும் பிரிச்சு குடுக்கற மோட் போடுங்க.

கடைசியா ரிசீவரோட டெஸ்ட் டோன சென்டர்ல மட்டும் ஓட விட்டுட்டு சோஃபாவோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவா நகர்ந்து பாருங்க. 'ஷ்ஷ்'ங்கற சத்தம் எங்க மங்குதோ, எங்க அதோட தன்மை மாறுதோ அந்த சீட்டதான் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடணும்.