சூசையும் யூசுப்பும் ஒரே பேருதான்: கண்டுபிடிக்கிறது எப்படி

பினாங்குல இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப ஈஸி. ஐசில (மலேசிய அடையாள அட்டை) "ஜோசப் ஏ/எல் சூசை"னு போட்டிருக்கும் (ஏ/எல்னா இன்னாரோட மகன்), அப்பனுக்கும் மவனுக்கும் ஒரே பேருன்னு வீட்லயே பாதி பேருக்கு தெரியாது. ரொட்டி சானாய் போடுற யூசுப் நானாவும் அதே பேருதான், குர்ஆன்ல 12வது சூரா.

மொதல்ல ஸ்பெல்லிங்க விட்டுட்டு வாய்விட்டு சொல்லிப் பாருங்க. எபிரேயத்துல அது யோசேஃப். முன்னாடி நிக்கிற அந்த ‘ய’ தான் ஊருக்கு ஊரு மாறும், அரபுலயும் ஜெர்மன்லயும் போலந்துலயும் ‘ய’வாவே நின்னுடும், இங்லீஷ்ல ‘ஜ’ ஆகும், இத்தாலில ஜுசெப்பே, ஸ்பானிஷ்ல ஹோசே, போர்த்துகீஸ்ல ஸ்பானிஷ் மாதிரியே எழுதிட்டு கிட்டத்தட்ட ஜூசேன்னு சொல்லுவாங்க, அத நம்ம ஆளுங்க சூசையாக்கிட்டாங்க.

அடுத்து வால பாருங்க. சூசைல கடைசி ‘ப்’ காணோம்ல? போர்த்துகீஸ்லயே அது இல்ல, அதான். யோசேப்புல ‘ப்’ இருக்கு, அது பைபிள் வழியா நேரா வந்தது. அதனால எந்த சபைன்னு கட்டாயம் கேளுங்க: பழைய கத்தோலிக்க குடும்பம்னா சூசை, புராட்டஸ்டண்ட்னா யோசேப்பு. சீனவங்களுக்கும் இதே கதைதான் லா, மாண்டரின்ல கத்தோலிக்கருக்கு ஒரு எழுத்து, புராட்டஸ்டண்டுக்கு வேற எழுத்து.

செல்லப் பேரு தனி தலவலி. ஸ்பானிஷ்ல பெப்பே, மலாய்ல உசோப்.

காது கைவிடுற எடமும் ஒன்னு இருக்கு, அர்த்தத்த வச்சு மாத்துன பேருங்க. யோசேஃப்னா பெருகச் செய்வார்னு அர்த்தம், வீரமாமுனிவர் தேம்பாவணில இயேசுவோட வளர்ப்பு அப்பா யோசேப்ப வளன்னே ஆக்கிட்டாரு (முனிவரோட சொந்த இத்தாலிப் பேருக்கு நடுவுலயும் ஒரு ஜுசெப்பே இருக்கு, பாத்துக்கோங்க). அதனாலதான் திருச்சில செயிண்ட் ஜோசப் காலேஜ தூய வளனார் கல்லூரின்னு சொல்றாங்க. இதே மாதிரி பீட்டர் ராயப்பன், பால் சின்னப்பன். இதுக்கெல்லாம் ரூல் கெடையாது, மனப்பாடம்தான்.

தாத்தா பேர கோயில் ரிஜிஸ்டர்ல தேடுறீங்கன்னா ஒரு விஷயம், பழைய கத்தோலிக்க ஞானஸ்நானப் புக்கு லத்தீன்ல இருக்கும், அங்க சூசைன்னு தேடுனா சிக்காது, யோசேஃபுஸ்னு பாருங்க. கவர்மெண்ட் பேப்பர்னா கிராணி (குமாஸ்தா) காதுல விழுந்தத எழுதியிருப்பாரு, ரெண்டு ‘ஓ’ போட்ட சூசை, ‘யூ’ போட்ட சூசை, கடைசில ‘ஐ’, கடைசில ‘ஒய்’, எல்லாத்தையும் போட்டுத் தேடுங்க. பொறந்த தேதியும் அம்மா பேரும் ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு அப்பறம் சந்தோஷப்படுங்க, ஏன்னா ஒவ்வொரு எஸ்டேட்லயும் நாலஞ்சு சூசை இருந்திருப்பாங்க.

பழகிப் பாக்கணும்னா அன்னம்மாள எடுத்துக்கோங்க. எபிரேயத்துல ஹன்னா, கிரேக்கத்துக்குப் போனதும் ‘ஹ’ கழண்டு அன்னா, பிரெஞ்சுல ஆன், ஸ்பானிஷ்ல ஒரே ஒரு ‘ன’ போட்டு அனா. ஜூலை 26 திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் செயிண்ட் ஆன் கோயிலுக்குப் போனா மிச்சத்த அங்க வர்ற பாட்டிங்க கிட்டயே கேட்டுக்கலாம்.