எடை குறைக்கும் ஊசியா? முதலில் மாத்திரை டப்பாவை எடுத்து வாங்க

தஞ்சாவூரில் 26 வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். முன்பெல்லாம் உடம்பு குறையணும் என்று வருகிறவர்கள் ஏதாவது பவுடர் கேட்பார்கள். இப்போது செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "அண்ணே, இந்த ஊசி இருக்கா?" என்கிறார்கள். டாக்டர் சீட்டு எங்கே என்றால் முகம் சுருங்கிப்போகும். "மச்சான் போட்டு 8 கிலோ குறைஞ்சுட்டான், அவனுக்கு எழுதுனதையே கொடுங்க." கொடுக்க மாட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நானே போட்டுப் பட்டவன்.

நான் 98 கிலோ, உயரம் 168 செ.மீ. சர்க்கரை வந்து 12 வருஷம். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, அதாவது டிர்செபடைட் என்கிற மருந்துள்ள, வாரம் ஒருமுறை போடும் ஊசி இந்தியாவுக்கு வந்தது. ஜூனில் டாக்டர் எனக்கு 2.5 மி.கி. எழுதினார். "வேறென்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். மெட்ஃபார்மின் என்று மட்டும் சொன்னேன். கிளிமிபிரைடு என்கிற இன்னொரு சர்க்கரை மாத்திரையை நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்ததைச் சொல்ல வெட்கம்.

இரண்டாவது வாரம், ஷட்டரை இறக்குகிற நேரம். கை நடுங்குகிறது, சட்டை நனைந்துவிட்டது. குளுக்கோமீட்டரில் 54. கடைப் பையன் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தான், பிழைத்தேன்.

நடந்தது இதுதான். இந்த ஊசி ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். கிளிமிபிரைடு அப்படியில்லை; சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை விரட்டும். ஊசி போட்டதும் என் சாப்பாடு பாதியாகிவிட்டது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு அப்படியே மேஜையில் கொட்டுங்கள், நாட்டு மருந்து உட்பட. எதைக் குறைப்பது என்று அவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கவுண்டரில் அதிகம் வரும் கேள்வி: "எனக்கு தைராய்டு இருக்கு, போடலாமா?" காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிற சாதாரண தைராய்டு குறைபாடு இதற்குத் தடையில்லை. மெடுல்லரி என்கிற அபூர்வமான தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ ரத்த உறவிலோ இருந்திருந்தால் கூடாது. அத்தைக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்ததா, எதற்காக என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கணைய வீக்கம், பித்தப்பைக் கல் வந்திருந்தால் அதையும் சொல்லவேண்டும். நாள்பட்ட சர்க்கரைக்காரர்கள் விழித்திரையைப் பரிசோதித்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பழுதான விழித்திரை மோசமாகலாம்.

பெண்கள் என்னிடம் கேட்கக் கூச்சப்படுவதால் இதையும் எழுதிவிடுகிறேன். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது. குழந்தைக்குத் திட்டமிட்டால், இதே மாதிரி இன்னொரு எடை குறைக்கும் மருந்தான செமாகுளுடைடை 2 மாதம் முன்பே நிறுத்தவேண்டும். கருத்தடை மாத்திரை போடுகிறவர்கள் டிர்செபடைட் ஆரம்பித்த 4 வாரமும், அளவு கூட்டுகிற ஒவ்வொரு முறை 4 வாரமும் கூடுதல் பாதுகாப்பு வைத்துக்கொள்ளுங்கள். எடை குறையும்போது பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எதிர்பாராமல் கரு தங்குவதும் உண்டு.

பணக் கணக்கை முதல் ஊசிக்கு முன்பே போடுங்கள். நான் ஆரம்பித்தபோது 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், மாதம் நாலு. 2026 மார்ச்சில் செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது, மற்ற கம்பெனிகளும் அதைத் தயாரிக்கலாம், அதனால் எந்த மருந்து, என்ன விலை என்று டாக்டரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். மூன்று மாதம் போட்டு 'ஸ்லிம் ஆயிட்டு' நிறுத்திவிடலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம். செமாகுளுடைடு ஆய்வு ஒன்றில் 68 வாரம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது.

குப்பி வாங்கினால் சிரிஞ்சைக் கவனியுங்கள். நம்மூரில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை, ஒரு மில்லியை 40 யூனிட்டாகப் பிரித்தது, 100 யூனிட்டாகப் பிரித்தது. அரை மில்லி மருந்து என்பது சிவப்பு மூடி 40-இல் 20 என்று எழுதிய கோடு, ஆரஞ்சு மூடி 100-இல் 50 என்று எழுதிய கோடு. மாற்றிப் பார்த்தால் அளவே போச்சு. முதல் முறை எங்களை மாதிரி யாரிடமாவது காட்டி ஏற்றுங்கள். ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். என் மாமியார் பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டார். உறைந்ததை உருக்கிப் போடக்கூடாது. 3,500 ரூபாய் குப்பைக்குப் போனது.

சாப்பாட்டு விஷயத்தில் என் அனுபவம் கேவலமானது. முதல் ஊசி போட்ட மூன்றாம் நாள் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தேன். வடை, இரண்டு பாயசம், நெய் சாதம். இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். எல்லாம் தொண்டை வரை நின்று, ராத்திரி முழுக்க அழுகிய முட்டை நாற்றத்தில் ஏப்பம், விடியும்போது வாந்தி. முதல் மாதம் எண்ணெய்ப் பண்டத்தைத் தள்ளி வையுங்கள். பாதித் தட்டு போதும், அதில் முட்டை, சுண்டல், மீன், தயிர் முதலில். எடையோடு தசையும் கரையும் என்பதால் நடை மட்டும் போதாது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுவதை தினம் 30 முறை செய்கிறேன். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும். விடாமல் வாந்தி, முதுகுவரை பரவும் வயிற்று வலி என்றால் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. ஆபரேஷன், எண்டோஸ்கோபி ஏதாவது இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் ஊசி போடுவதைச் சொல்லுங்கள், வயிற்றில் சாப்பாடு தங்கியிருக்கும்.

நான் சனி இரவைத் தேர்ந்தெடுத்தேன், ஞாயிறு மத்தியானம் கடை லீவு, குமட்டினால் படுத்துக்கொள்ளலாம். டிர்செபடைட் மறந்துபோனால் 4 நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த சனிதான். மறந்ததற்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள்.