மோனேயோட சூரியன எப்படி பாக்கணும்?

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872ல லெ ஆவ்ர் துறைமுகத்த வச்சு வரைஞ்ச 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்த ஃபோன்ல நல்ல ரெசல்யூஷன்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க, அப்புறம் எடிட்ல போய் கலர சுத்தமா எடுத்துட்டு பிளாக் அண்ட் ஒயிட்ல பாருங்க, அந்த ஆரஞ்சு சூரியன் கிட்டத்தட்ட காணாம போயிடும்! சூரியனுக்கும் சுத்தி இருக்கற வானத்துக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒண்ணுதான், கலர்தான் வேற, அதான் பாக்கும்போது துடிக்கற மாதிரி இருக்கு.

அடுத்து தண்ணில விழற வெளிச்சத்த ஜூம் பண்ணுங்க. பட்டையா சில தீத்தல், அவ்ளோதான்.

இப்ப கபானெல் 1863ல காட்டின 'வீனஸின் பிறப்பு' படத்த பக்கத்துல வைங்க. பிரஷ் தடமே தெரியாது, மெழுகு மாதிரி வழவழன்னு இருக்கும், பாரிஸ் சலோன்ங்கற அதிகாரப்பூர்வ ஓவியக் கண்காட்சி அப்ப கேட்டது இதத்தான், பேரரசர் மூணாம் நெப்போலியனே வாங்கிட்டாரு (எனக்கு கொஞ்சம் ஓவர் ஸ்வீட்டா இருக்கு). இந்த சலோன நம்பி இருந்தா வேலைக்காகாதுன்னுதான் மோனே, ரென்வார், டெகா எல்லாம் சேந்து 1874ல நதார்ங்கற ஃபோட்டோகிராஃபரோட பழைய ஸ்டுடியோல தனியா கண்காட்சி போட்டாங்க. டியூப் பெயின்ட் 1841லயே வந்துட்டதால வெளிய உக்காந்து வரையறதும் ஈஸி ஆயிடுச்சு.

பாரிஸ் போனா மோனேயோட இந்த படத்த ஓர்சே மியூசியத்துல தேடாதீங்க, மார்மொத்தான் மியூசியத்துல இருக்கு. ஓர்சேல இருக்கறது அந்த வீனஸ்தான்.