மருவைக் கண்டு மிரள்வதும் தவறு, மறப்பதும் தவறு

பிறப்புறுப்பில் மரு தென்பட்டதும் பலர் கைப்பேசியில், அதை உண்டாக்கும் வைரஸான எச்.பி.வி. பற்றித் தேடுகிறார்கள். வந்து நிற்பது கருப்பைவாய்ப் புற்றுநோய். அன்றிரவு தூக்கம் போச்சு. அந்த மருக்களில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணம் இந்த வைரஸின் 6, 11 என்ற அபாயம் குறைந்த வகைகள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 வேறு வகைகள். ஒன்று முற்றி மற்றொன்றாக மாறுவதில்லை. 16-ஆம் வகையின் ஈ6 புரதம், செல்லைக் காவல் காக்கும் பி53 புரதத்தையே அழிக்க வைக்கிறது. 6, 11 வகைகளின் ஈ6 புரதத்துக்கு அந்தத் திறன் இல்லை.

"அபாயம் குறைந்தது" என்றதும் நிம்மதியாக இருந்துவிடுவது அடுத்த தவறு. குறைந்தது என்றால் அறவே இல்லை என்று பொருளல்ல. அரிதாக, இதே வகைகளால் புஷ்கே-லோவன்ஸ்டைன் எனப்படும் ராட்சத மரு வளர்ந்து திசுக்களை அரிக்கும். அதற்குள் புற்றுநோயும் ஒளிந்திருக்கலாம். குரல்வளையில் திரும்பத் திரும்ப முளைக்கும் மருக்களும், குறிப்பாக 11-ஆம் வகையால் வருபவை, எப்போதாவது புற்றாக மாறுவதுண்டு. மரு வேகமாகப் பெருத்தால், புண்ணானால், ரத்தம் கசிந்தால், சிகிச்சைக்கு மசியாவிட்டால் திசுப் பரிசோதனை தேவை. எச்.ஐ.வி. உள்ளவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

என் பார்வையில் மிக ஆபத்தான தவறு, மருவை எடுத்தாயிற்று என்று கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான். ஒரே உடலில் 6-உம் 16-உம் சேர்ந்தே இருக்கலாம். பொதுவாக 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எச்.பி.வி. பரிசோதனை தேடுவது அபாயம் மிகுந்த வகைகளை மட்டுமே. ஆகவே மரு இருந்தும் முடிவு "நெகட்டிவ்" என்று வந்தால் ஆய்வகத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

எருக்கம்பால், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டவே வேண்டாம்; அந்த இடத்துத் தோல் வெந்துவிடும். கைமருவுக்கு மருந்துக்கடையில் தரும் அமிலமும் அங்கே ஆகாது. இன்னொரு தவறு, மருவைக் காட்டிக் கணவனோ மனைவியோ துரோகம் செய்ததாக முடிவு கட்டுவது: தொற்றி மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் கழித்தும் மரு தலைகாட்டும்.

தடுப்பூசி, வந்துவிட்ட மருவை நீக்காது. போடும்போது எத்தனை வகைகளுக்கானது என்று கேளுங்கள்: இந்தியத் தயாரிப்பான செர்வாவேக் 6, 11, 16, 18 ஆகிய நான்கையும் தடுக்கும், 16, 18-க்கு மட்டுமான ஊசி மருவைத் தடுப்பதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல.